விதியன்று, தாமதம்!

நம் ஊர்களிலே ஒரு நோய்க்கு மட்டும் பெயர் கிடையாது. காய்ச்சலைக் காய்ச்சல் என்கிறோம். சலரோகம், ஈளை, பாரிசவாதம் அனைத்துக்கும் தயக்கமின்றிப் பெயர் சொல்கிறோம். புற்றுநோய் என்று வந்ததும் குரல் தாழ்கிறது. "கூடாத வருத்தம்" என்கிறோம். வீட்டுப் படலையைச் சாத்திக்கொள்கிறோம். அயலார் அறிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று அஞ்சுகிறோம். ஈற்றில் செத்தவீட்டுக்கு வந்தோரிடம், "எல்லாம் விதி" என்று கூறி அனுப்பிவைக்கிறோம்.

இருபது ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறவன் நான். குற்றத்தின் பெயரைச் சொல்லாமல் எந்த வழக்கையும் தாக்கல் செய்ய இயலாது. எதிராளி இன்னார் என்று குறிப்பிடாத மனுவை எந்த நீதிபதியும் கையில் எடார். பெயரற்ற நோயை எதிர்த்து நாம் எங்கே முறையிடுவது?

முள்ளிக்குளத்து நிலத்துக்காக மனுக்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஊரின் கதையை இவ்வேட்டின் வாசகர்கள் அறிவார்கள். 2007-ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; கடற்படை குடியேறிற்று. 2012-இல் திரும்பி வந்தவர்கள் தம் வீட்டு முற்றத்தை மிதிக்க முடியாமல் அருகே மலங்காட்டில் கொட்டில் போட்டனர். 2017-இல் தெருவோரத்திலே அமர்ந்து போராடினர்; 100 ஏக்கரை விடுவிப்பதாக வாக்களிக்கப்பட்டது; நிலம் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று ஊரவர் இன்றும் முறையிடுகின்றனர். அந்நாட்களில் ஒரு பெரியவர் மனுவில் கையொப்பமிட என்னிடம் வந்தார். கரைவலைப் பாட்டில் முதுமை கண்டவர். இடுப்பிலே வெற்றிலைப் பை. பேசும்போது வாய் இரண்டு விரலகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வந்த தேநீரை ஆறவைத்து ஒரு பக்கமாகச் சரித்து உறிஞ்சினார். "உறைப்பு வாய்க்கு ஒத்துவருகுதில்லைத் தம்பி, சோற்றைக் கரைச்சுக் குடிக்கிறன்" என்று தாமாகவே சொன்னார்.

நான் என்ன செய்தேன்? அவருடைய காணியின் எல்லைகளைக் கேட்டேன். வடக்கே எது, தெற்கே எது, கிழக்கே யாருடைய வளவு, மேற்கே கடற்கரை எவ்வளவு தூரம் என்று நான்கு எல்லையையும் எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொண்டேன். அவர் வாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கன்னத்தில் கட்டி உடைந்து, துணியால் மூடிக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். சில மாதங்களில் அடக்கம் நடந்தது. அவருடைய மனு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

வாய் இறுகிப்போவது வைத்தியர்கள் நன்கறிந்த முன்னறிகுறி. பாக்கை இடையறாது மெல்பவரின் கன்னத்து உட்சவ்வு நாராக இறுகுகிறது; காரம் எரிகிறது; வாய் திறக்கும் அளவு ஆண்டுக்காண்டு குறுகுகிறது. இன்னும் சிலருக்கு வெண்படையோ செம்படையோ தோன்றுகிறது. இவை யாவும் புற்றாக மாறியே தீரும் என்பதில்லை. ஆயினும் மாறக்கூடியவை, மாறுமுன் காணக்கூடியவை. வாயினுள் இருப்பதைக் காண அறுவை வேண்டா, ஊசி வேண்டா. ஒரு கைவிளக்கும் ஒரு கண்ணாடியும் போதும். உடலினுள் ஒளிந்திருக்கும் எத்தனையோ புற்றுகளிடையே இஃதொன்று கண்ணுக்கு முன்னால் வளர்கிறது. அப்படியிருந்தும் இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று உதடும் வாயும் தொண்டையும் சேர்ந்த இதுவே என்பது நாட்டுக்கே வெட்கம்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கூறுவோர் பலர். அந்த ஆறுதல் 2003-ஆம் ஆண்டோடு காலாவதியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டை அதற்கு முன்பே ஐயமற்ற புற்றுக் காரணிகளின் வரிசையில் வைத்திருந்தது. 2003-இல் கூடிய அதன் அறிஞர் குழு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், தனிப் பாக்கையுமே அவ்வரிசையில் சேர்த்தது. இவற்றோடு சிகரெட்டும் சாராயமும் கூடினால் ஆபத்து ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது.

உடனே பண்பாட்டுக் காவலர் எழுந்து நிற்பார்: "வெற்றிலை தமிழன் பண்பாடு! மங்கலப் பொருள்! அதில் கைவைக்கலாமா?" ஐயா, தட்டத்தில் வைத்து வணங்குங்கள், மணமக்களுக்குக் கொடுத்து வாழ்த்துங்கள், அதற்கு யாரும் குறுக்கே வரவில்லை. நாளொன்றுக்கு இருபது தடவை கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்கச் சொன்ன பண்பாடு எந்த ஏட்டில் இருக்கிறது? இதை எழுதுகிற நானும் பதினைந்து ஆண்டுகள் மென்றவன். எங்கள் கட்சிக் கூட்டங்களிலே பேச்சாளர் வரும் முன்னரே தட்டம் வந்துவிடும். மொழியுரிமைக்காக முழங்கிய வாய்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பைப் போர்க்கோலம் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. புகையிலை, மதுபானம் பற்றிய அதிகாரசபைச் சட்டம் 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கம். அதன் கீழ் 2016-இல் வந்த ஒழுங்குவிதி, மென்று பயன்படுத்தும் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. கடற்கரையோரப் பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கும் சரைகளைப் பாருங்கள். தமிழ்ப் பையன் ஒருவன் தலைக்கவசமின்றி மோட்டார்ச் சைக்கிளில் சென்றால் மைல் தூரம் துரத்தும் பொலிசுக்கு, கண்ணெதிரே தொங்கும் சரை தெரிவதில்லை.

நிற்க. ஆண்களின் வாயைப் பற்றிப் பேசிவிட்டுப் பெண்களைப் பற்றி வாய்மூடி இருப்பது நம் மேடைகளின் வழக்கம். அவ்வழக்கத்தை நான் பின்பற்றப் போவதில்லை.

இந்நாட்டுப் பெண்களுக்கு முதலாவதாக வருவது மார்பகப் புற்று. வலியற்ற கட்டி, காம்பு உள்வாங்குதல், தோல் சுருங்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், வலி இல்லையே என்று காத்திருப்பது பேதைமை. வலியின்மையே அந்நோயின் தந்திரம். மற்றொன்று கருப்பைக் கழுத்துப் புற்று. அதற்குக் காரணம் பப்பிலோமா என்னும் வைரசு. அது தொற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பத்தாண்டு அவகாசம் தருகிற எதிரி வேறு எங்கே உண்டு? 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அரசு இத்தடுப்பூசியை இலவசமாக ஏற்றுகிறது. பெரியவர்களுக்கு முப்பத்தைந்தாம் வயதிலும் நாற்பத்தைந்தாம் வயதிலும் பெண்கள் நலக் கிளினிக்கில் சோதனை உண்டு.

ஆனால் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து அழைத்தால், "எங்கள் வீட்டுப் பெண்களைச் சந்தேகிக்கிறீர்களா?" என்று கணவன்மார் சீறுகிறார்கள். சீறும் கணவரே, இவ்வைரசு மணவாழ்வுடைய மக்களில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு தடவையாவது தொட்டுச் செல்வது. அநேகருக்குத் தானே நீங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். வாசலைத் தாண்டாத பெண்ணுக்கும் அது வரும். கொண்டுவருபவர் பல வேளைகளில் நீரே. கற்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருப்பை நீக்க வேண்டி வந்த பின்னர் வைத்தியரிடம் கைகூப்பி நிற்பதிலும், முன்னரே ஒரு நாள் பேருந்துக் காசு கொடுத்து அனுப்புவது ஆண்மைக்கு இழுக்காகாது.

பழியை எல்லாம் மக்கள்மேல் போட்டுவிட்டு அரசைத் தப்பவிட நான் இக்கட்டுரையை எழுதவில்லை. முப்பத்தைந்தாம் வயதிலே சோதனை என்பது திட்டம். 2007-ஆம் ஆண்டில் முப்பத்தைந்து வயதான முள்ளிக்குளத்துப் பெண் எங்கே இருந்தாள்? மன்னாரில் உறவினர் வீட்டுத் திண்ணையில், நானாட்டான் பக்கத்துக் கொட்டிலில், அகதி முகாமில். அவளுடைய அட்டை எந்தக் குடும்பநல மாதின் பெட்டியில் இருந்தது? நாற்பத்தைந்தாம் வயது வந்த 2017-இல் அவள் கடற்படை வேலிக்கு முன்னால் தெருவில் அமர்ந்திருந்தாள். இரண்டு சோதனைக்குரிய இரண்டு வயதையும் அவளிடமிருந்து பறித்தது எது? நிலம் பறிபோனதை ஏக்கரில் அளக்கிறோம். இதை எந்தக் கோலால் அளப்பது? 1990-இல் புலிகளால் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் ஆண்டுக்கணக்கில் அகதிகளாய்க் கிடந்து முசலிக்குத் திரும்பிய முஸ்லிம் தாய்மாருக்கும் இதே கணக்குத்தான். புற்றுக்குச் சாதியும் சமயமும் தெரியாது. விடுபட்ட அட்டைகளை மட்டும் அது நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். வெட்டி எடுத்தல், கதிர்வீச்சு, மருந்து ஏற்றுதல் என்பன பிரதான வழிகள். மார்பகப் புற்றில் சிலருக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு நாள்தோறும் விழுங்கும் மாத்திரையும் உண்டு. எது, எந்த முறையில் என்பதை நோயின் இடமும் பரவிய அளவும் தீர்மானிக்கும். சிறு புண்ணாக இருக்கையில் கண்டால் ஓர் அறுவையோடு முடியலாம். முற்றிய வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் சில வேளை மருந்தும் சேர வேண்டும். கதிர்வீச்சு என்பது ஒருநாட் காரியமன்று. கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு ஏழு கிழமைகள், முப்பது தடவைக்கு மேல், ஒவ்வொரு தடவையும் சில நிமிடம். இடையிலே நிறுத்தினால் பயன் குன்றும்.

அந்தச் சில நிமிடத்துக்காக முள்ளிக்குளத்து மனிதன் செல்ல வேண்டிய வழியைச் சிந்தியுங்கள். முதலில் சிலாவத்துறை. அங்கிருந்து மன்னார். மன்னாரிலிருந்து பூநகரி வழியே சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். அதற்கும் அப்பால் தெல்லிப்பழை. நாள்தோறும் போய்வர எவராலும் ஆகாது. ஏழு கிழமை தங்க வேண்டும்; துணைக்கு ஒருவர் தங்க வேண்டும்; இருவர் உழைப்பும் நிற்க வேண்டும். கரைவலைக்காரனுக்கு ஏழு கிழமை என்பது ஒரு பருவத்தின் பெரும்பங்கு. "மருந்து இலவசம்" என்று கொழும்பிலே பெருமை பேசுகிறார்கள். மருந்து இலவசந்தான், மருந்துக்குப் போகும் வழி இலவசமன்று. பாதியில் சிகிச்சையை விட்டவர் பெயருக்கு எதிரே எழுத்தர் "வரவில்லை" என்று எழுதுகிறார். ஏன் வரவில்லை என்று எழுதுவதற்கு அப்படிவத்தில் இடமில்லை.

தெல்லிப்பழை வைத்தியசாலை எழுந்த வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து மக்கள் பணம் திரட்டினார்கள். தெற்கே சிங்களவர் நடந்தனர், வடக்கே தமிழர் நடந்தனர். பள்ளிச் சிறுவர் உண்டியலில் சில்லறை போட்டனர். 2013-இல் புற்றுநோய்க் கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நடையை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அதே வேளையில் கேட்கிறேன்: போருக்குக் கோடிகோடியாக இறைத்த திறைசேரி, வடக்கின் புற்றுநோயாளிக்குக் கட்டடம் கட்டக் குடிமக்கள் தீவை நீளவாட்டில் நடக்க வேண்டியிருந்ததா? 2022-இல் டொலர் தீர்ந்தபோது மகரகமைப் பெருவைத்தியசாலையிலேயே புற்றுநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு தரமற்ற மருந்துக் கொள்வனவு பற்றிய குற்றச்சாட்டு எழுந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதானார். விடயம் நீதிமன்றுக்குச் சென்றமையால் அதன் மெய்பொய் பற்றி நான் பேச மாட்டேன்.

பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். மத்திக்குப் போனால் கிராமிய வைத்தியசாலைகள் மாகாணத்துக்குரியவை என்பார்கள். உண்மைதான், 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் அப்படித்தான் சொல்கிறது. மாகாணத்துக்குப் போனால், விசேட வைத்தியசாலையும் நிதியும் மத்தியில் என்பார்கள். அதுவும் உண்மையே. வட மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து கலைந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. ஒன்பதாம் அட்டவணையைப் படித்துவிட்டுப் புற்று வளர்வதில்லை.

நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று ஒரு வரி கிடையாது. ஆயினும் 1980-இல் இலங்கை சேர்ந்துகொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் பன்னிரண்டாம் உறுப்புரை அதை எழுதிவைத்திருக்கிறது. இந்தியாவிலே, இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசாங்க வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-இல் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்றும், பணமில்லை என்பது அரசுக்குச் சாக்காகாது என்றும் தீர்த்தது. அத்தகைய ஒரு தீர்ப்பை இங்கே பெறுவதற்கு நம் இளம் சட்டத்தரணிகள் முயல வேண்டும். உயில் எழுதுவதும் உறுதி முடிப்பதும் மட்டுமே தொழிலாகாது.

மொழியும் இங்கே வந்து நிற்கிறது. தெற்கிலுள்ள ஒரு வைத்தியசாலையிலே எனக்குத் தெரிந்த ஒருவரின் தாடையெலும்பை நீக்க அவரிடம் சம்மதக் கையொப்பம் வாங்கினார்கள். படிவம் சிங்களத்தில்; விளக்கம் கையசைவில். கண் விழித்த பின்னர்தான் எடுக்கப்பட்டது எதுவென்று அவர் தடவிப் பார்த்து அறிந்தார். அறுவை சரியான அறுவையே, வைத்தியர் திறமையானவரே. ஆயினும் விளங்காமல் இட்ட கையொப்பம் சட்டத்தின் கண்ணில் சம்மதமாகாது. தமிழும் அரசகரும மொழி என்று எழுதி எத்தனையோ ஆண்டு ஆயிற்று. ஒருவன் தன் தாடை போவதைத் தன் மொழியில் அறிய முடியாவிட்டால் அந்த எழுத்து எதற்கு?

செய்யக்கூடியது என்ன என்று கேட்போருக்கு இரண்டு சான்று போதும். கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகே 1996-இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், தாதியர் காடிப்புளிப்பு மருந்தைத் தடவிக் கருப்பைக் கழுத்தைக் கண்ணால் பார்த்தனர். 2007-இல் வெளிவந்த கணக்கு, அங்கும் இப்புற்றினால் ஏற்படும் மரணத்தில் மூன்றிலொரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. மாளிகையும் இயந்திரமும் இல்லை. கண்ணும் விளக்கும் பயிற்சியும்தான். அடையாற்றிலே தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய நிலையமும் 12 படுக்கையோடுதான் தொடங்கிற்று.

ஆகவே சிலாவத்துறையில் மாதம் ஒரு நாள் வாய்ச் சோதனை. தேதி தமிழில் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். வயது கடந்து விடுபட்ட பெண்களுக்கு மலங்காடு முதல் மறிச்சுக்கட்டி வரை தனிச் சோதனை நாட்கள். கதிர்வீச்சுக்குச் செல்வோருக்கும் துணைக்கும் தங்குமிடமும் வழிச்செலவும். இதைக் கேட்பதற்கு அமைச்சர் வரும் நாளை நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிரதேச சபையில் ஒரு தீர்மானம் போதும், தொடங்குவதற்கு.

பிழைத்து வருகிறவர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களே நம்மால் அதிகம் தண்டிக்கப்படுகிறவர்கள். ஏழு கிழமை எரிந்து, வாய் உமிழ்நீர் வற்றி, எடை குறைந்து ஒருவர் ஊர் திரும்புகிறார். வீட்டிலே அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு உணவாலும் தொடுதலாலும் தொற்றுவதே இல்லை. ஆயினும் அவர் மனைவி விற்கும் மீனை வாங்க அயலார் மறுக்கிறார்கள். நாள்தோறும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி செய்யாவிட்டால் தாடை இறுகிவிடும் என்று அவருக்குச் சொன்னார்கள். செய்தால் பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றன என்று விட்டுவிடுகிறார். அக்குளில் கட்டி எடுத்த பெண்ணின் கை வீங்குகிறது. பாரம் தூக்காதே என்றார்கள். கிணற்றடிக்கு வேறு யார் போவது? வாய்ப்புற்று திரும்புமானால் பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டிலேயே திரும்பும். அக்காலத்தில் கிளினிக் நாளைத் தவறவிடுவது தீர்ப்பு நாளன்று மன்றுக்கு வராதிருப்பதைப் போன்றது. தலைதப்பினோம் என்று மறுபடியும் வெற்றிலைப் பையை எடுப்பவரும் உளர்; அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறோம் என்று சிலர் என்னிடம் கூறினார்கள். வையுங்கள். வைத்தியரிடம் காட்டிவிட்டு, அவர் குறித்த நாளையும் கையில் வைத்துக்கொண்டு மடுவுக்குச் செல்லுங்கள். அன்னை மறுக்கப் போவதில்லை. கைத்தொலைபேசியில் முள்ளுச்சீத்தா இலை அவித்துக் குடித்தால் புற்று கரையும் என்று அனுப்புகிறவர்களைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். மூன்று மாதம் இலை குடித்தவர் வைத்தியசாலைக்கு வரும்போது இரண்டங்குலக் கட்டி நான்கங்குலமாகிவிடுகிறது.

முள்ளிக்குளத்து நிலக் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்தபின் நடைபெறும். பல் வைத்தியர் ஒருவர் வர இசைந்துள்ளார். மனுவில் கையொப்பமிடு முன்னர் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்; மூன்று விரல் நுழையாதவர், மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணுள்ளவர், கழுத்தில் கட்டியுள்ளவர் பெயர்கள் அன்றே குறிக்கப்பட்டு மன்னாருக்கு அனுப்பப்படும். முதலில் வாய் திறப்பவன் நான். குடும்பநல மாதும் வருவார். தாய்மார் தயங்காமல் பேசலாம். தேநீர் உண்டு. வெற்றிலைத் தட்டம் வைக்கப்படமாட்டாது.